எஸ்டேட் என்றால் காப்பித் தோட்டம் மட்டும்தானா?

மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். நீங்கள் சேலம் அம்மாபேட்டை. உங்கள் சித்தப்பா இங்கிலாந்தில் பல வருடம் வேலை பார்த்து, அங்கேயே காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. அங்கிருக்கும் வக்கீல் ஆபீஸிலிருந்து உங்கள் அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. அதில் சித்தப்பாவின் பெயருக்கு முன்னால் "எஸ்டேட் ஆஃப்" என்று போட்டிருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் "ரெசிடுவரி எஸ்டேட்" உங்கள் அப்பாவுக்குச் சேரும் என்று எழுதியிருக்கிறது. அதைப் படித்த நாளிலிருந்து, அவர் ஏற்காட்டில் யாருக்கும் தெரியாமல் எஸ்டேட் வாங்கிப் போட்டிருந்தாரோ என்று வீட்டில் பேச்சு. அண்ணன் தம்பி சேர்ந்து மறைத்துவிட்டார்கள் என்று உங்கள் அத்தைகள் இருவருக்கும் மனவருத்தம். இந்தச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம்தான் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், உங்கள் வீட்டுத் துக்கத்துக்கு என் அனுதாபங்கள். கேள்விக்கு நேரான பதில் இதுதான்: அந்தக் கடிதத்தில் வரும் எஸ்டேட்டுக்கும் ஏற்காட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஒருவர் கண்ணை மூடும்போது அவருக்குச் சொந்தமாக இருந்ததெல்லாம் சேர்ந்து அவருடைய எஸ்டேட். வீடு, பேங்க் டெபாசிட், நகை, பழைய கார், வரவேண்டிய பாக்கி எல்லாம் அதில் அடங்கும். அவர் வைத்துவிட்டுப் போன கடனும் அதோடு ஒட்டிக்கொண்டுதான் வரும். ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவருக்கும் எஸ்டேட் உண்டு. கடன் கையிருப்பை மிஞ்சிவிட்டால் அதற்கு இன்சால்வன்ட் எஸ்டேட் என்று பெயர். சித்தப்பா வாடகை வீட்டில் குடியிருந்து, பேங்கில் கொஞ்சம் பணம் மட்டும் வைத்திருந்தாலும் அந்த வக்கீல் இதே சொல்லைத்தான் எழுதியிருப்பார்.

அத்தைகளிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மற்றதை நிதானமாகப் படிக்கலாம்.

நான் சேலத்தில் பல வருடம் பத்திரங்களையும் கோர்ட் காகிதங்களையும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றித் தரும் வேலை பார்த்தவன். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருந்துகொண்டு, தமிழுக்கு வரும்போது ஒவ்வொரு தடவையும் வேறு சொல்லைக் கேட்கிற வார்த்தைகளில் எஸ்டேட்டுக்கு முதல் வரிசையில் இடம் கொடுப்பேன். தோட்டம், சொத்து, ஜமீன், மிட்டா, மனை, பேட்டை, பருவம், நிலை என்று எத்தனையோ இடத்தில் அதை இறக்கி வைத்திருக்கிறேன். கடைசியாகச் சொன்ன 'நிலை'தான் அதன் பிறப்பு. அதைப் பிடித்துக்கொண்டால் மற்ற அர்த்தங்கள் தானாக வரிசையில் வந்து நின்றுவிடும்.

லத்தீனில் ஸ்டாரே என்றால் நிற்பது. அதிலிருந்து ஸ்டேட்டஸ், அதாவது நிற்கும் விதம், நிலை. இந்தச் சொல் பழைய பிரெஞ்சுக்குப் போனபோது அங்கிருந்தவர்களுக்கு 'ஸ்ட' என்று தொடங்குவது வாய்க்கு வரவில்லை. முன்னால் ஓர் 'எ' சேர்த்து எஸ்டாட் என்றார்கள். நம் ஊரில் பெரியவர்கள் ஸ்கூலை இஸ்கூல் என்றும் ஸ்டேஷனை இஸ்டேஷன் என்றும் சொல்கிறார்களே, அச்சு அசல் அதே காரணம்தான். எங்கள் பாட்டி இஸ்கூல் என்று சொல்லும்போது வீட்டுப் பிள்ளைகள் திருத்துவார்கள். ஒரு காலத்தில் பிரான்ஸ் தேசமே அப்படித்தான் பேசியது என்று பிற்பாடு தெரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சமல்ல. அந்த எஸ்டாட் ஆங்கிலத்துக்கு வந்து எஸ்டேட் ஆனது. முன்னால் ஒட்டிய எழுத்து உதிர்ந்த வடிவம் ஸ்டேட். லத்தீனிலிருந்து நேராக எடுத்தது ஸ்டேட்டஸ். மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

சரி, 'நிலை' எப்படிச் சொத்தாக மாறியது? இதற்கு இங்கிலாந்து வரைக்கும் போக வேண்டாம். "அவங்க நல்ல நிலைமையில இருக்கிற குடும்பம்" என்று பெண் பார்க்கும்போது சொல்கிறோம். அங்கே நிலைமை என்றால் என்ன? வசதி, சொத்து, நிலபுலன். ஒருவர் சமூகத்தில் எப்படி நிற்கிறார் என்பதைக் காட்டும் சொல், அவர் எதன்மேல் நிற்கிறார் என்பதற்குப் பெயராக மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் நடந்ததும் இதுவே. முதலில் நிலை, பிறகு அந்தஸ்து, பிறகு அந்த அந்தஸ்தைத் தாங்கும் செல்வம், கடைசியில் நிலம்.

நம் பழைய பத்திரங்களில் "ஸ்தாவர ஜங்கம சொத்துக்கள்" என்று வரும். ஜங்கமம் என்றால் அசைவது, ஸ்தாவரம் என்றால் நின்ற இடத்தில் நிற்பது. செடிகொடிகளைத் தாவரம் என்கிறோமே, அதுவும் இந்த ஸ்தாவரம்தான். சமஸ்கிருதத்தின் 'ஸ்தா' என்ற வேரும் லத்தீனின் 'ஸ்டாரே'யும் ஒரே மூலத்தில் பிறந்தவை. ஆக, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பத்திர எழுத்தர் ஸ்தாவர சொத்து என்று எழுதியபோதும், லண்டனில் ஒரு குமாஸ்தா எஸ்டேட் என்று எழுதியபோதும், ஒரே வேரிலிருந்து பிரிந்துபோன இரண்டு கிளைகளைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். தமிழில் நிலம் என்ற சொல்லையும் 'நில்' என்பதோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு.

நிலை என்ற அந்தப் பழைய அர்த்தம் ஆங்கிலத்தில் முழுசாகச் செத்துவிடவில்லை. "மேன்ஸ் எஸ்டேட்" என்றால் ஆண்பிள்ளை வளர்ந்து ஆளான பருவம். ஆங்கிலத் திருச்சபைக் கல்யாணங்களில் "ஹோலி எஸ்டேட் ஆஃப் மேட்ரிமொனி" என்று ஓதுவார்கள். புனிதமான இல்லற நிலை என்று பொருள். இதைத் திருமணச் சொத்து என்று ஒருவர் மொழிபெயர்த்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கல்யாணப் பேச்சுக்கு நடுவில் அந்த வரி எவ்வளவு விபரீதமாக ஒலிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது நம் மலைக்கு வருவோம். உங்கள் வீட்டில் குழப்பம் தொடங்கியதே அங்கேதான்.

சேலத்துக்காரர் காதில் எஸ்டேட் என்று விழுந்தால் மனசுக்குள் இருபது கொண்டை ஊசி வளைவும், சில்வர் ஓக் நிழலும், அந்த மரத்தில் ஏறிய மிளகுக்கொடியும், கீழே காப்பிச் செடியும்தான் வரும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கிரேஞ்ச் எஸ்டேட் இன்றும் ஏற்காட்டில் அடையாளமான இடம். அவரைப் பின்தொடர்ந்து வந்த வெள்ளைக்காரர்களுக்கு, சொந்த ஊரில் எஸ்டேட் என்றால் பெரிய மாளிகையும் அதைச் சுற்றிப் பல நூறு ஏக்கரும், அதில் குத்தகைக்கு உழும் குடியானவர்களும். அதே பெயரை இங்கே காப்பித் தோட்டத்துக்கும் வைத்தார்கள். பங்களா மேட்டில், ஆட்கள் லைன் வீட்டில், நடுவில் ரைட்டர், மேஸ்திரி என்று அந்த ஊர் அமைப்பில் பாதி மலையேறி வந்துவிட்டது. பெயர் வெறும் பெயராக வரவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தோட்டம் என்று தமிழில் சொன்னால் போதாதா என்று கேட்கலாம். வால்பாறையிலும் இலங்கையின் மலையகத்திலும் தோட்டம் என்றுதான் சொல்கிறார்கள். சட்டத்திலும் தோட்டத் தொழிலாளர் என்றே இருக்கிறது. ஆனால் சேலம், நாமக்கல் பக்கம் தோட்டம் என்ற சொல் ஏற்கனவே கையிருப்பில் இருந்தது. கிணற்றுப் பாசனம் உள்ள நிலம் தோட்டம், மழையை நம்பிய மேட்டு நிலம் காடு, ஆற்றுத் தண்ணீரோ ஏரித் தண்ணீரோ பாய்வது வயல். "தோட்டத்துக்குப் போயிருக்கார்" என்றால் மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சப் போயிருக்கிறார் என்று அர்த்தம். மலைமேல் இருக்கும் காப்பிக்காட்டைக் குறிக்க வேறு ஒரு சொல் வேண்டியிருந்தது. அதனால் இங்கே எஸ்டேட் நிலைத்தது. தேவை இருந்து ஒட்டிக்கொண்ட சொல்லை நான் கடன் சொல் என்று ஒதுக்க மாட்டேன்.

ஆங்கிலத்தில் எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். எஸ்டேட்டில் வேலை செய்கிறார் என்பதற்கு 'இன்' போடுவதைவிட 'ஆன்' போட்டு, "ஹி ஒர்க்ஸ் ஆன் அ காஃபி எஸ்டேட்" என்பதே இயல்பான வழக்கு. நிலத்தின்மேல் நிற்கிறோம் என்ற உணர்வு அந்தச் சின்னச் சொல்லில் இருக்கிறது.

சேலத்து மண்ணில் இன்னொரு எஸ்டேட்டும் இருந்தது. இப்போது அதைப் பலர் மறந்துவிட்டார்கள், எனக்கு அதுதான் மிகவும் முக்கியம். 1792-ல் திப்பு சுல்தானோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகு சேலமும், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துப் பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தன. கேப்டன் ரீட், தாமஸ் மன்றோ இருவரும் ஊர் ஊராக நிலத்தை அளந்து, விவசாயியிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் அடிபோட்டார்கள். ஆனால் அடுத்த பத்தாண்டிலேயே மேலிடத்து உத்தரவின்படி ஊர்களைத் துண்டு துண்டாகச் சேர்த்து, மிட்டா என்று பெயரிட்டு, ஏலம் விட்டார்கள். எடுத்தவர் மிட்டாதார். பல மிட்டாக்கள் வரி கட்ட முடியாமல் திரும்ப அரசாங்கத்திடமே போய்ச் சேர்ந்தன. நின்று பிடித்தவை ஜமீன்களோடு சேர்ந்து நீடித்தன. இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலக் காகிதத்தில் ஒரே பெயர்: எஸ்டேட். திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீனும் அந்த வகைதான். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதல் மந்திரியாக இருந்த ப. சுப்பராயன் அதன் ஜமீன்தார்.

1908-ல் வந்த மெட்ராஸ் எஸ்டேட்ஸ் லேண்ட் சட்டமும், 1948-ல் வந்த எஸ்டேட் ஒழிப்புச் சட்டமும் பேசுவது இந்த எஸ்டேட்டைப் பற்றித்தான். காப்பியைப் பற்றி அல்ல. ஒரு முறை ஒருவர் தன் தாத்தா காலத்துத் தீர்ப்பு நகலை எடுத்து வந்து, "1948-லயே எஸ்டேட்டை ஒழிச்சுட்டாங்கன்னு இருக்கே, அப்ப மலைமேல இருக்கிறதெல்லாம் என்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒழிந்தது, வரி வசூலிக்கும் இடைத்தரகராக நின்ற அந்த எஸ்டேட். பயிர் வைத்த எஸ்டேட் அப்படியே இருந்தது. 1961 நில உச்சவரம்புச் சட்டத்திலும் காப்பி, தேயிலை போன்ற தோட்டப் பயிர்களுக்கு விலக்கு கிடைத்தது. அப்புறம் 1964-ல் அரசியல் சட்டத்தின் 17-வது திருத்தம் வந்தபோது, 31ஏ பிரிவில் எஸ்டேட் என்ற சொல்லுக்குள் ரயத்துவாரி நிலத்தையும் சேர்த்தார்கள். நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் கோர்ட்டில் முறியடிக்கப்படாமல் காப்பாற்றுவதற்காக அந்த ஏற்பாடு. அந்தப் பிரிவைப் பொறுத்தவரை, ஆத்தூர் பக்கத்தில் மரவள்ளி போடும் ஒருவரின் பட்டா நிலமும் எஸ்டேட்தான்.

ஆங்கிலேயச் சட்டத்தில் இன்னும் நுட்பமான ஓர் அர்த்தம் உண்டு. அங்கே மண் முழுவதும் கடைசியில் அரசருடையது என்பது பழைய கோட்பாடு. குடிமகனுக்கு இருப்பது மண் அல்ல. அந்த மண்ணில் எவ்வளவு காலத்துக்கு, எந்த அளவுக்கு உரிமை என்பதுதான். அந்த உரிமையின் அளவுக்குத்தான் அவர்கள் எஸ்டேட் என்று பெயர் வைத்தார்கள். ஆயுள் வரைக்கும் மட்டும் உரிமை என்றால் லைஃப் எஸ்டேட். நம் ஊரில் இது வெறும் ஏட்டுச் சமாச்சாரமாக இருக்கவில்லை. 1956-க்கு முன்பு, புருஷன் சொத்து கைக்கு வந்த இந்து விதவைக்கு இருந்தது "லிமிடெட் எஸ்டேட்". அனுபவிக்கலாம், தன் இஷ்டத்துக்கு விற்கவோ எழுதி வைக்கவோ முடியாது, அவள் காலத்துக்குப் பின் அது புருஷன் வகை வாரிசுகளுக்குப் போய்விடும். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவு அதை முழு உரிமையாக மாற்றியது. இந்த இடத்தில் எஸ்டேட்டைச் சொத்து என்று மொழிபெயர்த்தால் "குறைந்த சொத்து" என்று ஆகி, அந்தப் பெண்களுக்கு என்ன நடந்தது என்பதே மறைந்துபோகும். "வரையறுக்கப்பட்ட உரிமை" என்று எழுதுவேன். இந்த ஒரு வரியை மட்டும் நான் எப்போதும் இரண்டு தடவை சரிபார்ப்பேன்.

ரியல் எஸ்டேட்டில் உள்ள 'ரியல்' என்பதற்கு உண்மையான என்று அர்த்தம் இல்லை. ராஜாவுக்குரிய என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது என்று சிலர் சொல்வதும் தவறு. லத்தீனில் 'ரெஸ்' என்றால் பொருள், வஸ்து. நிலத்தைப் பறிகொடுத்தவர் வழக்குப் போட்டால் நஷ்ட ஈடாகப் பணம் வாங்காமல் அந்த வஸ்துவையே திரும்ப வாங்கலாம் என்று பழைய ஆங்கிலச் சட்டத்தில் இருந்ததால் அது ரியல். மற்றவை பெர்சனல். நம் அசையாச் சொத்து, அசையும் சொத்து என்ற பிரிவுக்குப் பக்கத்தில் வரும். பன்மை போட்டு ரியல் எஸ்டேட்ஸ் என்று எழுதாதீர்கள். அது எண்ணிக்கையில் அடங்காத சொல்.

பத்திரிகைத் துறையை ஃபோர்த் எஸ்டேட் என்பதை நாம் நான்காவது தூண் என்று தமிழாக்கிவிட்டோம். சட்டமன்றம், நிர்வாகம், நீதிமன்றம், பத்திரிகை என்று நான்கு தூண் கணக்கும் சொல்கிறோம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் மூலத்தில் தூணும் இல்லை, அந்த மூன்றும் இல்லை. பழைய பிரான்ஸில் குருமார் முதல் எஸ்டேட், பிரபுக்கள் இரண்டாவது, மற்ற ஜனங்கள் எல்லோரும் மூன்றாவது. சமூகத்தில் யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்ற கணக்கு அது. 1789 மே மாதம் வெர்சாய் நகரில் இந்த மூன்றும் கூடின. ஜூன் 17-ல் மூன்றாவது எஸ்டேட் தன்னையே தேசிய சபை என்று அறிவித்துக்கொண்டது. அங்கிருந்து பிரெஞ்சுப் புரட்சி. இப்படிப்பட்ட மூன்று எஸ்டேட்டுகளுக்கு அடுத்த நான்காவது சக்தி என்ற கணக்கில்தான் பத்திரிகைகளுக்கு அந்தப் பெயர் வந்தது. 'நான்காவது தூண்' நிலைபெற்றுவிட்டது, அதை மாற்றச் சொல்ல மாட்டேன். வரலாற்றுப் பாடத்தில் தேர்டு எஸ்டேட் வரும்போது மட்டும் மூன்றாவது தூண் என்று எழுதிவிடக் கூடாது.

மீதி அர்த்தங்கள் சுலபம். பிரிட்டனில் ஹவுசிங் எஸ்டேட் என்றால் ஒரே திட்டத்தில் கட்டிய வீடுகளின் தொகுதி; நம் ஹவுசிங் போர்டு குடியிருப்பு மாதிரி. எஸ்டேட் ஏஜென்ட் வீடு விற்றுக் கொடுக்கும் தரகர். எஸ்டேட் கார், பின்பக்கம் சாமான் ஏற்ற நீளமாக இடம் விட்ட கார். 1992-ல் டாடா நிறுவனம் இந்தப் பெயரிலேயே ஒரு வண்டி விட்டது. ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி எஸ்டேட் ஆபீசரிடமிருந்து நோட்டீஸ் வந்தால், அவர் 1971-ம் வருடச் சட்டப்படி அரசுக் கட்டடங்களில் உரிமையில்லாமல் இருப்பவர்களை வெளியேற்றும் அதிகாரி.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டைப் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். 1896-ல் மான்செஸ்டர் பக்கத்தில் ஒரு பிரபுக் குடும்பம் டிராஃபோர்டு பார்க் என்ற தன் பரம்பரைப் பண்ணையை விற்றது. வாங்கியவர்கள் அதைத் துண்டு போட்டுத் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்தார்கள். மான் மேய்ந்த எஸ்டேட் ஆலைகளின் எஸ்டேட் ஆனது. நம்மிடம் அது வந்தபோது தொழிற்பேட்டை என்று பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம். செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் பெற்ற செவ்வாய்ப்பேட்டையை வைத்திருக்கும் சேலத்துக்கு, பேட்டை என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் கடிதம். ரெசிடுவரி எஸ்டேட் என்றால், ஈமச்செலவு, கடன், வரி எல்லாம் கழித்து, உயிலில் பெயர் சொல்லி எழுதியவர்களுக்குக் கொடுத்த பிறகு மிஞ்சுவது. அது எவ்வளவு என்று வக்கீலுக்கே இப்போது தெரியாமல் இருக்கலாம். அங்கே வாரிசு வரி உண்டு. 3,25,000 பவுண்டுக்கு மேல் போனால்தான் பொதுவாக 40 சதவீதம் பிடிப்பார்கள், அதுவும் எஸ்டேட்டிலிருந்தே போகும். நம் நாட்டிலும் 1953 முதல் எஸ்டேட் டியூட்டி என்று ஒன்று இருந்தது. 1985 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். சித்தப்பாவின் கடன் அவருடைய எஸ்டேட்டைத் தாண்டி இருந்தாலும் உங்கள் அப்பா கைக்காசு போட்டுக் கட்ட வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. எஸ்டேட் பணம் வந்திருக்கிறது, முன்பணம் கட்டினால் அனுப்புகிறோம் என்று மோசடிக் கடிதங்கள் ஏராளமாக வருகின்றன. இங்கிலாந்தில் வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அத்தாரிட்டியின் பதிவேட்டில் அந்த ஆபீஸின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கடிதத்தில் உள்ள நம்பரை விட்டுவிட்டு, பதிவேட்டில் உள்ள விவரத்தை வைத்துத் தொடர்புகொள்ளுங்கள். அதுவரை பேங்க் கணக்கு விவரம் எதுவும் அனுப்ப வேண்டாம்.

அப்பாவுக்கு அந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதிக் காட்டும்போது எஸ்டேட் என்ற சொல்லைத் தொடவே தொடாதீர்கள். முதல் பக்கத்தில் "காலஞ்சென்ற தம்பி விட்டுச் சென்ற சொத்தும் கடனும்" என்று எழுதுங்கள். இரண்டாம் பக்கத்தில் "எல்லாம் போக மீதி, அண்ணனுக்கு" என்று எழுதுங்கள். எழுதியதை அத்தைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.